உளுந்துச் செடிக்கு ‘இதய வளர்ச்சி’ எங்கிருந்து வந்தது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: தண்ணீர் காட்டாமல் வளர்த்த உளுந்தின் இலையில் ஆர்என்ஏ-சீக் (எந்த ஜீனின் ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை) செய்திருக்கிறீர்கள், அளவு மாறிய ஜீன்கள் சுமார் 300 கையில் இருக்கின்றன, கைடு ‘ஜிஓ பண்ணிட்டு வா’ என்று சொல்லிவிட்டார். ஜிஓ என்றால் ஜீன் ஆன்டாலஜி, ஜீன்களின் வேலைகளைச் சொல்ல வைத்திருக்கும் பொதுச் சொற்பட்டியல். மென்பொருளில் போட்டால் ‘நீர்ப் பற்றாக்குறைக்கு எதிர்வினை’ என்பதோடு ‘இதய வளர்ச்சி’ என்றும் ஒரு வரி வருகிறது. இந்தச் சொற்களை யார் முடிவு செய்கிறார்கள், இதை நம்பி தீசிஸில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில் எளிது. உங்களை உறுத்துவது இரண்டாம் பாதிதான் என்று நினைக்கிறேன், உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு பொதுச் சொற்பட்டியல் எப்படிச் செடிக்கு இதயம் வளர்கிறது என்று சொல்லும்? அது அப்படிச் சொல்லவே இல்லை. சொற்பட்டியலைத் தயாரிப்பது ஒரு வேலை, அதிலிருக்கும் ஒரு சொல்லை எடுத்து ஒரு ஜீனின் மேல் ஒட்டுவது வேறு வேலை. உங்கள் இதயம் இரண்டாவது இடத்தில்தான் உள்ளே நுழைந்திருக்கிறது. நான் பல வருடங்களாக ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து புரதங்களுக்கு இந்த மாதிரிக் குறிப்பு போடும் வேலை செய்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உளுந்தின் வறட்சி உடலியல் என் துறை அல்ல, அந்தப் பக்கம் உங்கள் கைடு சொல்வதே செல்லும்.

இந்தச் சொற்பட்டியல் ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். ஈஸ்ட்டின் முழு ஜீனோம் 1996-ல் வந்துவிட்டது, அடுத்து புழு, பழ ஈ, சுண்டெலி, மனிதன் என்று வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு உயிரிக்கும் தனித்தனி டேட்டாபேஸ், ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பேச்சு. ஒருவர் ‘டிரான்ஸ்லேஷன்’ என்று எழுதுவார், இன்னொருவர் அதே வேலையை ‘புரோட்டீன் சிந்தசிஸ்’ என்பார். மனிதர் படித்தால் ஒன்றுதான் என்று புரியும், கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு சொற்கள். இதற்கு முன்னாலும் முயற்சிகள் உண்டு. என்சைம்களுக்கு எண் கொடுக்கும் முறை 1960-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது, ஈ.கோலையின் ஜீன்களை வேலைவாரியாக மோனிகா ரைலி 1993-ல் வகைப்படுத்தியிருந்தார். ஆனால் எல்லா உயிரிகளுக்கும் பொதுவாக ஒன்று இல்லை. 1998-ல் பழ ஈக்கான ஃப்ளைபேஸ், ஈஸ்ட்டுக்கான எஸ்ஜிடி, சுண்டெலிக்கான எம்ஜிஐ ஆகிய மூன்று டேட்டாபேஸ்காரர்களும் சேர்ந்து, நாம் மூவரும் ஒரே சொற்களைப் பயன்படுத்துவோம் என்று முடிவெடுத்தார்கள். ஃப்ளைபேஸ் பக்கத்திலிருந்து இதைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் கேம்பிரிட்ஜின் மைக்கேல் ஆஷ்பர்னர். 2000-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த கட்டுரையைத்தான் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், நீங்களும் காட்ட வேண்டியிருக்கும். செடிகள் பக்கமிருந்து, ஆய்வகங்களில் மாதிரிச் செடியாக வளர்க்கும் அராபிடாப்சிஸ்காரர்கள் சீக்கிரமே சேர்ந்துகொண்டார்கள். யார் முடிவு செய்கிறார்கள் என்றால், இந்தக் கூட்டமைப்பின் எடிட்டர்கள்தான். ஆனால் கதவு திறந்தே இருக்கிறது. ஒரு சொல் இல்லை, அல்லது இருக்கும் விளக்கம் தப்பு என்று பட்டால் கிட்ஹப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அங்கே நடக்கும் வாக்குவாதம் முழுவதையும் உட்கார்ந்து படிக்கலாம். சில சமயம் பட்டிமன்றத்தைவிட சுவாரசியமாக இருக்கும்.

இப்போது அதன் அமைப்பு. ஒரு ஜீன் உருவாக்கும் பொருளைப் பற்றி, பெரும்பாலும் அது ஒரு புரதம், மூன்று தனிக் கேள்விகளை இது கேட்கிறது: மூலக்கூறு அளவில் அது என்ன செய்கிறது, எந்தப் பெரிய காரியத்தில் பங்கெடுக்கிறது, செல்லில் எங்கே இருந்து செய்கிறது. சைட்டோகுரோம் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானைக் கைமாற்றுவது அதன் செயல். சுவாசத்தின் எலக்ட்ரான் கடத்தல் அது பங்கெடுக்கும் காரியம். மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கும் நடுவிலிருக்கும் இடுக்கு அதன் இருப்பிடம். ஆனால் அதே புரதம் அங்கிருந்து வெளியே கசிந்து சைட்டோசாலுக்கு வந்தால், நம்மைப் போன்ற பாலூட்டிகளின் செல்லில், அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வேலை தொடங்கிவிடும். ஆக ஒரே புரதத்துக்கு இரண்டு காரியம், இரண்டு இடம். மூன்று கேள்விகளையும் ஏன் பிரித்து வைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் இதயப் பிரச்சினைக்கும் இந்தப் பிரிவினைதான் சாவி, அதற்கு வருகிறேன்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்றால் ஜிஓ:0005739, நியூக்ளியஸ் என்றால் ஜிஓ:0005634, உங்கள் நீர்ப் பற்றாக்குறை ஜிஓ:0009414, இதய வளர்ச்சி ஜிஓ:0007507. ஊர்ப் பெயரை மாற்றினாலும் பின்கோடு மாறாத மாதிரி, பெயர் திருத்தப்பட்டாலும் எண் அப்படியே இருக்கும். செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதற்கான சொல் முன்பு வெறும் ‘அபோப்டோசிஸ்’ என்றிருந்தது பிறகு ‘அபோப்டாடிக் பிராசஸ்’ ஆனது, எண் அதேதான். ஒரு சொல்லை ஒழித்துவிட்டாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்க மாட்டார்கள். அதனால் தீசிஸ் அட்டவணையில் பெயரோடு எண்ணையும் கட்டாயம் போடுங்கள்.

சொற்கள் வெறும் பட்டியலாகக் கிடப்பதில்லை, ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. ‘இது அதன் ஒரு வகை’ என்பது ஒரு கட்டு, ‘இது அதன் ஒரு பகுதி’ என்பது இன்னொன்று, ‘இது அதை ஒழுங்குபடுத்துகிறது’ என்பது மற்றொன்று. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு என்பது மைட்டோகாண்ட்ரியச் சவ்வின் ஒரு வகை, அதே சமயம் செல் நுண்ணுறுப்பின் உட்சவ்வு என்பதிலும் ஒரு வகை. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட தாய்ச்சொற்கள் இருக்கலாம், அதனால்தான் இதைக் கிளை மரம் என்று சொல்லாமல் வலைப்படம் என்கிறோம். ஒரு ஜீனை உட்சவ்வு என்ற சொல்லோடு ஒட்டினால், அதற்கு மேலே உள்ள எல்லாத் தாய்ச்சொற்களும் அந்த ஜீனுக்குப் பொருந்தியே ஆக வேண்டும், பொருந்தாவிட்டால் வலையில் எங்கோ தப்பு இருக்கிறது. உங்கள் முடிவில் ஒரே ஜீன்கள் பத்துப் பன்னிரண்டு வரிகளில் திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான். அவை பன்னிரண்டு கண்டுபிடிப்புகள் அல்ல, ஒரே கண்டுபிடிப்பு படியேறிக்கொண்டே போகிறது. ‘ஒழுங்குபடுத்துகிறது’ என்ற கட்டில் மட்டும் கவனமாக இருங்கள். ஒரு செயலை ஒழுங்குபடுத்துவது அந்தச் செயலைச் செய்வது ஆகாது. அந்தக் கட்டு வழியாகவும் எண்ணிக்கையை மேலே ஏற்றுவதா வேண்டாமா என்பதில் கருவிக்குக் கருவி வித்தியாசம் உண்டு.

எல்லா உயிரிகளுக்கும் ஒரே சொற்பட்டியல் என்பது கேட்க நன்றாக இருக்கும், செய்யும்போதுதான் சிக்கல் தெரியும். இந்தத் துறையில் பழையவர்கள் இன்றும் சொல்லும் உதாரணம் ‘மொட்டு’. ஈஸ்ட் மொட்டு விடுகிறது, செடி மொட்டு விடுகிறது, எலியின் தாடையில் பல் மொட்டு உருவாகிறது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான், ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரியங்கள். ஆரம்பத்தில் சொல்லின் வாலில் ‘இன்ன உயிரியின் பொருளில்’ என்று ஒட்டி வைத்துப் பார்த்தார்கள், பிறகு அந்த வாலை எடுத்துவிட்டு, சொல்லிலேயே வித்தியாசம் தெரியும்படி மாற்றினார்கள். அப்புறம் வந்ததுதான் உங்களுக்கு நேரடியாக வேண்டியது: சில சொற்களின் மேல் ‘இந்த உயிரினக் கூட்டத்தில் மட்டும்’ அல்லது ‘இந்தக் கூட்டத்தில் ஒருபோதும் இல்லை’ என்ற கட்டுப்பாடு எழுதப்பட்டிருக்கிறது. பால் சுரப்பு பாலூட்டிகளுக்கு மட்டும் என்கிற மாதிரி. அதாவது உளுந்துக்கு இதயம் இல்லை என்பது ஜிஓ-வுக்கும் தெரியும். உங்கள் மென்பொருள்தான் அதைக் கேட்கவில்லை.

சரி, ஒட்டும் வேலைக்கு வருவோம். ஜிஓ இணையதளத்தில் ஒவ்வொரு உயிரிக்கும் ஒரு ஃபைல் கிடைக்கும், ‘காஃப்’ ஃபைல் என்போம். ஒருமுறையாவது அதை இறக்கித் திறந்து பாருங்கள், அராபிடாப்சிஸ் ஃபைலே போதும். மேலே ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள், அவற்றைத் தாண்டினால் ஒரு வரிக்கு 17 பத்திகள், அதாவது நெடுவரிசைகள். மூன்றாவதில் ஜீனின் பெயர், ஐந்தாவதில் ஜிஓ எண், ஆறாவதில் எந்தக் கட்டுரையை வைத்துச் சொல்கிறோம் என்பது, ஏழாவதில் இரண்டு மூன்று எழுத்தில் ஒரு ஆதாரக் குறியீடு, பதினான்காவதில் தேதி, பதினைந்தாவதில் யார் போட்டது. என்னைக் கேட்டால் அந்த ஏழாவது பத்தியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ‘ஐடிஏ’ என்றிருந்தால் யாரோ நேரடியாகச் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். ‘ஐஎம்பி’ என்றால் ஜீனைக் கெடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்து ஊகித்திருக்கிறார்கள். ‘ஐஎஸ்எஸ்’ என்றால் வரிசை ஒத்துப்போவதை ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார். ‘ஐபிஏ’ என்றால் பரிணாம மரத்தை வைத்து முன்னோரிடமிருந்து இறக்கியிருக்கிறார்கள். ‘ஐஇஏ’ என்றால் கணினி தானாகப் போட்டது, அந்த ஒரு வரியைத் தனியாக யாரும் சரிபார்க்கவில்லை. எல்லா உயிரிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆகப் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகைதான். ஐஇஏ என்றாலே குப்பை என்று சிலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அது நியாயம் இல்லை. புரதத்தில் இன்ன டொமைன் (தனியாக இயங்கும் ஒரு பகுதி) இருந்தால் இன்ன செயல் என்று நிபுணர்கள் எழுதிவைத்த விதிப்படி வந்தவையும் இதற்குள்தான் இருக்கின்றன, அவற்றில் பல நம்பகமானவை. ஆனால் எது எப்படி வந்தது என்று பார்க்காமல் எல்லா வரியையும் ஒரே எடையில் எண்ணுவது வேறு விஷயம்.

உங்கள் இதயம் வந்த வழியை இப்போது ஊகிக்க முடியும். உளுந்துக்கென்று உட்கார்ந்து சோதனைக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பு போடும் குழுவை நான் பார்த்ததில்லை. உங்கள் மென்பொருள் ஒவ்வொரு உளுந்துப் புரதத்தையும் பெரிய டேட்டாபேஸில் ப்ளாஸ்ட் செய்து, அதாவது வரிசை ஒத்த புரதங்களைத் தேடி, ஒத்த புரதத்திடம் இருந்த ஜிஓ குறிப்புகளை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கும். அந்த ஒத்த புரதம் எலியுடையதாக இருந்தால்? செல் வாழத் தேவையான ஒரு கைனேஸ் (வேறு மூலக்கூறில் பாஸ்பேட்டை ஒட்டும் என்சைம்) என்று வைத்துக்கொள்வோம், ஈஸ்ட்டிலிருந்து எலிவரை எல்லோரிடமும் இருக்கும். யாரோ ஒரு ஆய்வகத்தில் அதை எலியில் கெடுத்துப் பார்த்தார்கள், கருவில் இதயம் சரியாக உருவாகவில்லை. என்னைப் போலக் குறிப்பு போடும் க்யூரேட்டர் ஒருவர் கட்டுரையைப் படித்து, இதய வளர்ச்சி, ஐஎம்பி என்று பதிந்தார். அவர் செய்தது முழுக்கச் சரி. அந்த வரி உங்கள் உளுந்துக்குத் தாவியதுதான் கோளாறு. முன்னே சொன்ன மூன்று கேள்விகளை இங்கே வைத்துப் பாருங்கள். கைனேஸ் என்ற மூலக்கூறுச் செயல் எலியிலிருந்து உளுந்துக்கு வருவதில் பெரிய ஆட்சேபம் இல்லை, வினையூக்க மையத்தின் அமினோ அமிலங்கள் அப்படியே இருந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். இருப்பிடம் ஓரளவு வரும். பெரிய காரியம் என்பதுதான் தூரம் தாண்டாது, ஏனென்றால் அது அந்த உயிரியின் உடலைப் பொறுத்தது. நியாயமாகப் பார்த்தால் உங்கள் அட்டவணையில் தப்பு என்று கண்ணுக்குத் தெரிவது இதயம் மட்டும்தான். அதே வழியில் வந்து, செடிக்கும் பொருந்துகிற மாதிரித் தோன்றும் ‘காயத்துக்கு எதிர்வினை’ போன்ற வரிகள் யார் கண்ணையும் உறுத்தாமல் உட்கார்ந்திருக்கும். எனக்குக் கவலை அவற்றைப் பற்றித்தான்.

இதில் உறுதியில்லாத பகுதியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு இனங்களில் ஒரே மூதாதை ஜீனிலிருந்து வந்த நேர் ஜோடிகள் ஒரே வேலையைச் செய்யும், ஒரு ஜீன் இரட்டித்துப் பிரிந்த பிரதிகள் வேலையில் விலகிப்போகும் என்பதுதான் இந்தக் கடத்தல் முறைக்கெல்லாம் அடிப்படை நம்பிக்கை. 2011-ல் ஒரு குழு ஜிஓ குறிப்புகளையே வைத்து இதைச் சோதித்து, முடிவு தலைகீழாக வருகிறது என்று எழுதியது, பெரிய சலசலப்பு ஆனது. அடுத்த வருடமே வேறொரு குழு, ஒரே ஆய்வகம் ஒரே கட்டுரையில் எழுதியவை ஒத்துப்போவது போன்ற சாய்வுகளைக் கழித்துப் பார்த்தால் பழைய நம்பிக்கை தப்பிக்கிறது, ஆனால் நினைத்த அளவுக்கு வலுவாக இல்லை என்று காட்டியது. இன்றைக்கும் நிலைமை ஏறக்குறைய அங்கேதான். ஆகவே நேர் ஜோடியிலிருந்து எடுத்தது என்றாலே கையெழுத்துப் போட்ட பத்திரம் ஆகிவிடாது. உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செடிகளில் சோதனை ஆதாரத்தில் பெரும்பங்கு அராபிடாப்சிஸிலிருந்து வருகிறது, அது கடுகுக் குடும்பம். உங்களுடையது பயறு. அராபிடாப்சிஸுக்கு வேர் முடிச்சே கிடையாது, அந்த ஜீன்களைப் பற்றித் தெரிந்தவை மெடிகாகோ, லோட்டஸ் போன்ற பயறு வகைகளில் செய்த வேலைகளிலிருந்து வந்தவை. அராபிடாப்சிஸை மட்டும் நம்பிக் குறிப்பு போட்டால் பயறுக்கே உரிய விஷயங்கள் உங்கள் கண்ணில் படாமலே போகும். இலையோடு நிறுத்தியிருப்பதால் இப்போதைக்குத் தப்பித்தீர்கள்.

அடுத்தது என்ரிச்மென்ட் கணக்கு. நான் பார்த்த தீசிஸ்களில் அதிகம் சறுக்குவது இங்கேதான். கேள்வி இதுதான்: ஒரு சொல்லோடு ஒட்டிய ஜீன்கள் உங்கள் 300-ல் எதிர்பார்த்ததைவிட அதிகமா? எதிர்பார்த்தது என்றால் எதோடு ஒப்பிட்டு? உதாரணத்துக்குக் கற்பனை எண்களே வைத்துக்கொள்வோம். மொத்த ஜீன்கள் 24,000, அதில் ஒளிச்சேர்க்கை என்ற சொல்லோடு 240 ஜீன்கள். குருட்டாம்போக்கில் 300 எடுத்தால் 3 வர வேண்டும், உங்களுக்கு 6 வந்திருக்கிறது, இரண்டு மடங்கு. ஆனால் நீங்கள் எடுத்தது இலை. இலையில் வெளிப்படும் ஜீன்கள் 12,000 மட்டும், அந்த 240-ம் அதற்குள்ளேயே இருக்கின்றன. இப்போது எதிர்பார்ப்பே 6 ஆகிவிட்டது, இரண்டு மடங்கு காணாமல் போனது. முதல் கணக்கு சொன்னது ‘இது இலை’ என்பதை மட்டும்தான், வறட்சியைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் பின்னணிப் பட்டியலாக உங்கள் இலை மாதிரியில் உண்மையில் கண்டுபிடிக்கப்பட்ட, குறிப்பும் உள்ள ஜீன்களை மட்டும் கொடுங்கள். கருவி தானாக எடுத்துக்கொள்ளும் முழு ஜீனோமை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, ஐயாயிரம் சொற்களை 0.05 என்ற கோட்டில் சோதித்தால், உண்மையில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் 250 வரை தற்செயலாகத் தேறிவிடலாம். அதனால் திருத்தாத பி-மதிப்பை (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பை) அட்டவணையில் போடாதீர்கள், பல சோதனைகளுக்காகச் சரிக்கட்டும் பெஞ்சமினி-ஹாக்பெர்க் திருத்தம் செய்ததைப் போடுங்கள்.

வராததைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ஜீனுக்கு ஒரு சொல் ஒட்டப்படவில்லை என்றால் அந்த வேலையை அது செய்யாது என்று பொருள் இல்லை, யாரும் பார்க்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள். பார்த்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று க்யூரேட்டர் பதிவு செய்வதற்கு ‘என்டி’ என்று தனிக் குறியீடே இருக்கிறது. செய்யாது என்றே சோதனையில் தெரிந்திருந்தால் நான்காவது பத்தியில் ‘நாட்’ என்று இருக்கும். ஃபைலை நீங்களே ஸ்கிரிப்ட் எழுதிப் படிப்பதாக இருந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ‘இல்லை’ என்று எழுதியதையே ‘உண்டு’ என்று எண்ணிவிடுவீர்கள். மனித ஜீன்களில் பி53 மாதிரி சிலவற்றுக்குக் குறிப்புகள் குவிந்து கிடக்கின்றன, ஆயிரக்கணக்கான மற்றவற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஆராய்ச்சிப் பணம் எங்கே போனதோ அங்கே சொற்கள் சேரும். பயறு அந்த வரிசையில் எங்கே நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘புரோட்டீன் பைண்டிங்’ என்ற சொல் மேலே வந்தால் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிடாதீர்கள், கிட்டத்தட்ட எல்லாப் புரதமும் எதையாவது பிடிக்கத்தான் செய்கிறது.

ஆக தீசிஸில் எழுதலாமா என்றால், எழுதலாம், இப்படிச் செய்துவிட்டு. ப்ளாஸ்ட்டைச் செடிகளுக்குள் மட்டும் அடக்கி மறுபடி ஓட்டுங்கள், கருவியில் உயிரினக் கட்டுப்பாட்டு வடிகட்டி இருந்தால் அதையும் போடுங்கள். சோயா மாதிரி நெருங்கிய பயறிலிருந்து வந்த குறிப்புக்கும் அராபிடாப்சிஸிலிருந்து வந்ததற்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். அதில் எது சோதனை ஆதாரம், எது கணினி போட்டது என்பதும் தெரியட்டும். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, ஜிஓ ஃபைல் எந்தத் தேதியுடையது, பின்னணிப் பட்டியல் எது, எந்தத் திருத்தம் என்ற ஐந்தையும் செய்முறைப் பகுதியில் ஒரே வாக்கியமாக எழுதிவிடுங்கள். தேதியைச் சும்மா கேட்கவில்லை, பட்டியல் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது, பல வருடம் பழைய ஃபைலை வைத்துக்கொண்டு ஓடிய பிரபலமான கருவிகளும் இருந்திருக்கின்றன. வாக்கியத்தையும் கொஞ்சம் தணித்து எழுதுங்கள்: ‘வறட்சியில் இந்தச் செயல் அதிகரித்தது’ என்று அல்ல, ‘இந்தச் செயலோடு தொடர்புடையதாகக் குறிக்கப்பட்ட ஜீன்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன’ என்று. ஆர்என்ஏ அளவை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது. இதய வளர்ச்சி வரியைக் கையால் மட்டும் அழித்துவிட்டு மற்றவற்றை அப்படியே வைத்துவிடாதீர்கள், வைவாவில் யாராவது ‘மற்ற வரிகளை எதை வைத்து விட்டுவைத்தீர்கள்’ என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த வரிக்குக் காரணமான ஜீன்களின் ப்ளாஸ்ட் முடிவை, எந்த டேட்டாபேஸ், என்ன இ-மதிப்பு (இந்த ஒற்றுமை தற்செயலாக எத்தனை முறை வரலாம் என்ற எண்) என்பதோடு இங்கே போடுங்கள், எந்த எலியிடமிருந்து வந்தது என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.